மொய் நோட்டில் ஏறாத பரிசுகள்

பேராவூரணிக்காரன்:

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். நாலைந்து குடும்பம் கூட்டுச் சேர்ந்து பந்தல் போட்டு, கிடா வெட்டிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டு வரிசையில் நின்று மொய் எழுதுவார்கள். என் விருந்தில் நீங்கள் ஆயிரம் எழுதினால், உங்கள் விருந்தில் நான் அதற்கு மேலே கொஞ்சம் போட்டு எழுத வேண்டும். வட்டியில்லாக் கடன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் அந்தப் பணத்தில்தான் போர்வெல் போட்டார்கள், கடை வைத்தார்கள். ஆனால் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. திரும்பி வரும் என்ற நினைப்பே இல்லாமல் யாருக்காவது எதையாவது கொடுத்திருக்கிறோமா? நினைத்தால் இன்றும் மனசு நிறைகிற மாதிரி? உங்களுடையதை எழுதுங்கள். வாட்ஸ்அப் தத்துவம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

ஈரோட்டுத் தங்கச்சி:

அண்ணனுக்கு ஒரு கிட்னி கொடுத்தேன்.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பொங்கல் சீர் தவறியதில்லை. கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நிற்பார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் வந்தார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஆள் கருத்துப்போய், கையில் ஊசி போடுகிற இடம் கயிறு மாதிரி புடைத்திருந்தது. அந்தக் கையாலேயே கரும்பை இறக்கினார். என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. மாமியார்தான், "குடு சாமி, ஒண்ணும் ஆகாது" என்றார். அப்புறம் டெஸ்டுகள். ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய்களைப் பார்க்க சி.டி. ஸ்கேன், மனநல டாக்டரிடம் ஒரு பேச்சு. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது. கூடப் பிறந்தவள் என்பதால் நடைமுறை கொஞ்சம் எளிதுதான். ஆனாலும் அண்ணன் தங்கைதான் என்பதற்குக் காகிதம் காட்டி, கேமரா முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பணம் ஏதும் வாங்குனீங்களா?" பணம் இல்லைங்க, வருஷா வருஷம் கரும்பு வாங்கியிருக்கிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. வீடியோ ஓடுகிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்கு இடது பக்கத்தை எடுத்தார்கள். அந்தப் பக்கத்துச் சிரை நீளமாக இருப்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்களாம். அண்ணனுடைய பழைய கிட்னி இரண்டையும் எடுக்கவில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு ஓரமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆக அவருக்கு இப்போது மூன்று, எனக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் நான்தான் ஏமாளி என்று பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள்.

நான் வலி மாத்திரையைக் கண்டபடி போடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை பிரஷர், கிரியாட்டினின், யூரின் டெஸ்ட் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அண்ணனுக்குத்தான் ஆயுசுக்கும் மாத்திரை. உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க, நேரம் தவறாமல் போட வேண்டும்.

பொங்கலுக்கு இப்போதும் வருகிறார். சீர் கொஞ்சம்கூடக் கூடவில்லை, அதே அளவு கரும்பு, அதே வெல்லம். நான் கொடுத்ததற்கு ஈடாக ஏதாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. அதுதான் எனக்கு நிம்மதி.

நெல்லை வாத்தியார்:

இதற்கு அப்புறம் என்னுடையதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஆச்சிக்கு முட்டுவலி. கொல்லையில் இருந்த கக்கூசில் உட்கார்ந்து எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். அந்த வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். தீபாவளிக்குப் பட்டு எடுக்க வைத்திருந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, வீட்டுக்குள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி, பக்கத்துச் சுவரில் ஒரு பிடிகம்பியும் அடித்துக் கொடுத்தேன். நாலு பேர் கேட்கும்படி, "போயும் போயும் இதையாலே வாங்குவான் ஒருத்தன்" என்று ஏசினாள். மறுவாரம் தெருவில் இருக்கிற கிழவிகளையெல்லாம் கூட்டிவந்து காட்டியதும் அவள்தான்.

மதுரை மீனா அக்கா:

நான் கொடுத்தது லீவு. வங்கியில் வேலை. பார்வையற்ற மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வில் ஸ்க்ரைபாகப் போவேன். கேள்வியை நாம் வாசிக்க வேண்டும், அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, அதாவது மூன்று மணித் தேர்வு நாலு மணி நேரம் நடக்கும். கை கழன்றுவிடும்.

எழுதுவதைவிடக் கஷ்டம் சும்மா இருப்பது. தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும், முகம் சுளிக்கிற சத்தம்கூட வரக்கூடாது. நமக்குப் பதில் தெரியும், அவர்கள் "தெரியலக்கா, அடுத்ததுக்குப் போங்க" என்பார்கள். அப்போது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

பி.ஏ. வரலாறு படித்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. வேலூர்ப் புரட்சி பற்றிய கட்டுரை. 1806 ஜூலை 10 என்று தேதியில் ஆரம்பித்து, புதுத் தலைப்பாகை ஏன் சிப்பாய்களுக்குப் பிடிக்கவில்லை, காதணியையும் நெற்றிக்குறியையும் ஏன் தடுத்தார்கள் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள், ஒரு விரல் ஒரு பாயின்ட். கர்னல் ஃபேன்கோர்ட் என்ற பேர் வந்ததும் நான் தயங்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஆய்த எழுத்து போட்டு பே போடுங்கக்கா" என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். துணைத்தலைப்புக்கு அடிக்கோடு போட்டேனா, பாரா பிரித்தேனா, எல்லாம் கேட்பாள்.

கூடுதல் தாள் வாங்கலாமா என்றேன். "வாங்குங்க, வாங்குங்க!" என்று ஒரே உற்சாகம். நூல் கட்டி முடித்ததும் விடைத்தாளைக் கையில் வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக் கனம் பார்த்தாள். "முன்னாடி ஹால்ல எல்லாரும் அடிஷனல் ஷீட் கேக்குற சத்தம் மட்டும்தாங்கா கேட்டிருக்கேன்" என்றாள்.

தேர்வு சமயத்தில் இதற்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள். பக்கத்துக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், கையெழுத்து புரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை:

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்த கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர், நான் அவரின் இடுப்பில். எடுத்தது அடையாள அட்டையும் என் பால்மாப் பேணியும் இரண்டு உடுப்பும்தான். கலியாண ஆல்பம் அலுமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்த ஆல்பத்தைத் திரும்பக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரருக்குக் கலியாணப் படங்களில் ஒரு பிரதி கடிதத்தோடு போகும். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லோரையும் வைபர் குழுவில் பிடித்துக் கேட்டேன். லண்டன் பெரியம்மாவின் பிஸ்கட் பேணிக்குள் ஒரு கட்டு இருந்தது. ஒரு மாமாவிடம் இருந்த படத்தில் பாதி ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. பல படங்கள் சிவப்பேறிப் போய், கூறைச் சேலையும் முகமும் ஒரே நிறம். ஸ்ரூடியோத் தம்பி திருத்தித் தந்தார். முகத்தை மட்டும் வெள்ளையாக்காதேயும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்குக் கை அங்கேதான் போகும்.

மணவறைப் படத்தில் அம்மா தன்னைப் பார்க்கவேயில்லை. பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியனைத்தான் விரலால் தடவினார். "வாழைக்குலை கட்டினது இவன்தான்." அவருக்குத் தம்பி முறை. இப்ப இல்லை. பிறகு பேனை கேட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார் யார், எந்த ஊர், யாரின் மகன் என்று அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டார். கேக் வெட்டுவதற்கு இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

நாலு முகம் அவருக்கே தெரியவில்லை. அவற்றை வெட்டிக் குழுவில் போட்டோம். இரண்டு பேரைப் பாரிஸ் மாமி கண்டுபிடித்தார். மற்ற இருவரும் யாரின் ஆட்கள் என்று மாப்பிள்ளை பகுதியும் பொம்பிளை பகுதியும் இன்னும் அடிபடுகிறார்கள்.

திருச்சி மலைக்கோட்டை:

அப்பாவின் கண்கள். அவர் கொடுத்தார் என்பதா, நாங்கள் கொடுத்தோம் என்பதா தெரியவில்லை. உயிரோடு இருக்கும்போது சொல்லிவைத்திருந்தார். அன்றைக்கு அத்தைதான் மறித்தார், மேலே போய் வழி தெரியாமல் தவிப்பானே என்று. அம்மா அழுதுகொண்டே, "கண்ணாடி இல்லேன்னா பக்கத்துத் தெருவே தெரியாது மனுஷனுக்கு, அங்க போய் எதைப் பாக்கப் போறார்?" என்றார். அந்த நேரத்திலும் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தைக்கும்தான். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, சீக்கிரமே வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பேராவூரணிக்காரன்:

சர்க்கரை இருக்கிறவர்கள், கண்ணாடி போட்டவர்கள் கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இரண்டும் உண்டு.

திருச்சி மலைக்கோட்டை:

கொடுக்கலாம். கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் கொடுக்கலாம், ஏனென்றால் கண் வங்கிக்குத் தேவைப்படுவது முன்னால் இருக்கிற கருவிழிப் படலம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி மாதிரி சிலவற்றுக்குத்தான் தடை. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்திவிட்டு, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வையுங்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும். பக்கத்துக் கண் வங்கி நம்பரை இப்போதே போனில் போட்டு வையுங்கள், அந்த நேரத்தில் தேடினால் கை ஓடாது.