வேலைக்கும் ஓட வேணும், கண்டிக்கும் போக வேணும்: எந்த பைக் எடுக்கலாம்?

அண்ணாமார், ஒரு யோசனை சொல்லுங்கோ. நிலாவெளியில இருந்து தினமும் திருகோணமலை டவுனுக்கு வேலைக்கு ஓடுறன். சனி ஞாயிறு கந்தளாய், ஹபரணை தாண்டி கண்டிப் பக்கம். பின்னால மனுசியும் வருவா.

பழைய பல்சர் 220 எஃப் ஒண்டு பார்த்தன். முன்னுக்குக் காத்துத் தடுப்பு நல்லம், ஆனா ஹேண்டில் பதிஞ்சு கிடக்கு. டவுன் நெரிசலுக்க மணிக்கட்டு நோகாதோ? ஜிக்ஸர் எஸ்எஃப் 155 பெற்றோல் மிச்சம்தான், ரெண்டு பேரோட மலை ஏற இழுக்குமா? (அதின்ர பின் சீட்டைப் பார்த்து மனுசி முகத்தைச் சுழிச்சிட்டா.)

கச்சான் காத்து நேரம் கிண்ணியாப் பாலத்தில ஃபெயரிங் (முன்பக்க மூடி) உள்ள பைக்கைக் காத்து தள்ளுமா? கடல் உப்புக்குச் செயின், சைலன்சர் கறள் பிடிக்கிறது வேற. ஓடுறவை சொல்லுங்கோ. முக்கியமா, பார்ட்ஸ் திருகோணமலையிலயே எடுக்கலாமா, கொழும்புக்குத்தான் சொல்ல வேணுமா?