கோழி அடையில் வாத்து முட்டை: எங்கே சறுக்கும், எப்படிச் சமாளிப்பது

கோழியை அடை வைத்து வாத்துக்குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு முதல் பயம் நாள் கணக்கு. கோழி முட்டை 21 நாள், வாத்து முட்டை 28. "21 முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிடுமே?" என்ற கேள்வி வராத இடமே இல்லை. பெரும்பாலும் போகாது. கோழி நாளை எண்ணிக்கொண்டு உட்காருவதில்லை. அடியில் முட்டை இருக்கும் வரை, உடம்பில் தெம்பு இருக்கும் வரை உட்காரும். சிக்கல் அந்தத் தெம்பில்தான்.

அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒருமுறை, கால்மணி நேரமோ அரைமணி நேரமோ எழும். தின்னும், குடிக்கும், மூக்கைப் பிடிக்க வைக்கிற ஒரு பெரிய எச்சம் போடும், மண்ணில் புரளும், திரும்பி வந்துவிடும். அடை முடிவதற்குள் நன்றாக இளைத்துவிடும். நெஞ்செலும்பு கையில் கத்தி மாதிரி தட்டுப்படுகிற கோழியை 28 நாளுக்கு வைக்காதீர்கள். ஏற்கெனவே பத்து நாள் சும்மா அடையில் கிடந்திருந்தால் அந்தப் பத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மஸ்கோவி வாத்து முட்டை 35 நாள் வரை இழுக்கும். அதற்குத் திடமான, ஏற்கெனவே ஒருமுறை குஞ்சு பொரித்த கோழியைத்தான் நம்பலாம்.

இரையெடுக்க எழவே எழாத கோழிகளும் உண்டு. அதைத் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும் முன் இரண்டு இறக்கைக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு முட்டையை இடுக்கி வைத்திருக்கும். அப்படியே தூக்கினால் அது மற்ற முட்டைகள் மேல் விழுந்து உடையும்.

*

எண்ணிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 10, 12 கோழி முட்டையை மூடுகிற கோழிக்கு வாத்து முட்டை 6, மிஞ்சினால் 8. பெருவாத்து (கூஸ்) முட்டை என்றால் 4. ஒன்று கூடினால் அந்த ஒன்றுதானே கெடும் என்று நினைக்கக் கூடாது. கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்குப் போகும், வேறொன்று ஓரத்துக்கு வரும். கடைசியில் எல்லாமே அரைகுறைச் சூட்டில் போய்ப் பாதி கூமுட்டையாகிவிடும்.

பெருவாத்து முட்டையைக் கோழியால் சரியாகப் புரட்ட முடியாது. ஒரு பக்கம் பென்சிலால் கோடு, மறுபக்கம் வட்டம் போட்டு வைத்து, தினம் இரண்டு மூன்று முறை கையால் திருப்பிவிடுங்கள். பொரிக்க மூன்று நாள் இருக்கும்போது நிறுத்திவிடலாம்.

அழுக்கு முட்டை வைக்கவே கூடாது. வாத்து சேற்றில் நடந்து வந்து முட்டையிடும். ஓட்டில் ஒட்டிய அழுக்கிலிருந்து கிருமி உள்ளே போய், மூன்றாம் வாரத்தில் ஒரு முட்டை வெடித்தால் அடை முழுவதும் நாறிப்போகும். 7ஆம் நாளும் 14ஆம் நாளும் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்துக் கரு இல்லாததையும் செத்ததையும் எடுத்துவிடுங்கள்.

*

அடுத்து ஈரப்பதம். தாய் வாத்து குளித்துவிட்டு ஈர வயிற்றோடு வந்து உட்காரும். கோழி அப்படி வராது. அதனால் காற்று வறண்ட நாட்களில் ஓட்டின் உட்சவ்வு காய்ந்து, குஞ்சு ஓட்டில் துளை போட்ட பிறகு உள்ளேயே ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இரண்டாம் வாரத்திலிருந்து, கோழி இரைக்கு எழும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளித்தால் போதும். முட்டை நனைந்து சொட்டக் கூடாது, பனி படிந்த மாதிரி இருக்க வேண்டும். ஈர மண் மேல் வைக்கோல் பரப்பி அடை வைத்தால் இந்த வேலை பாதி குறையும். பூஞ்சை பிடித்த வைக்கோல் வேண்டாம், குஞ்சின் நுரையீரலைக் கெடுக்கும்.

*

கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒன்றாக வைக்கலாமா என்று கேட்டால், முடியும், ஆனால் வேண்டாம் என்பதே என் பதில். வாத்து முட்டை வைத்து ஏழு நாள் கழித்துக் கோழி முட்டை வைத்தால் கணக்கு சரியாக வரும். நடப்பது வேறு. கோழிக்குஞ்சு ஓட்டைக் குத்திய நாளுக்குள் வெளியே வந்துவிடும். வாத்துக்குஞ்சு முதல் விரிசலுக்குப் பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் எடுக்கும். காய்ந்த குஞ்சுகள் கத்த ஆரம்பித்ததும் கோழிக்கு அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் எண்ணம் வந்துவிடும்; பின்தங்கிய முட்டை குளிர்ந்துவிடும். அப்படி நேர்ந்தால், முதலில் வந்த குஞ்சுகளைக் காய்ந்ததும் எடுத்துச் சூடான பெட்டியில் வைத்துவிட்டு, கடைசி முட்டை பொரித்த இரவு எல்லாவற்றையும் கோழிக்கு அடியில் விடுங்கள். மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் முதல் நாள் தீனி இல்லாமல் தாங்கும்.

*

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சைத் தத்துக் கொடுக்கிறவர்களுக்கு: கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். குஞ்சு பிறந்து ஒன்று, இரண்டு நாளுக்குள். நான்கைந்து நாள் ஆன குஞ்சைக் கோழி ஏற்றாலும், குஞ்சு கோழியை ஏற்காது. கோழி கூப்பிட்டால் மூலைக்கு ஓடும்.

இரவில் செய்யுங்கள். விளக்கு வேண்டாம், பேச்சும் வேண்டாம். குஞ்சைக் கைக்குள் பொத்தி, பின்பக்கமாக வயிற்றுக்கு அடியில் நழுவ விட்டு, அதே கையால் ஒரு முட்டையை எடுத்துவிடுங்கள். முதலில் ஒன்றே ஒன்று. சிறிது நேரத்தில் கோழியின் சத்தம் மாறும். தொண்டைக்குள் உருளுகிற மாதிரி மெல்லிய குரல். அது கேட்டால் மற்றவற்றையும் விடலாம். விடியும் முன் அங்கே இருப்பது முக்கியம். கோழி குஞ்சை முதன்முதலில் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் பொறுத்துப் பாருங்கள். தலையைக் குறி வைத்துத் திரும்பத் திரும்பக் கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள், அந்தக் கோழி மாறாது. ஏற்கெனவே குஞ்சோடு திரியும் கோழியிடம் வேறு நிறக் குஞ்சைச் சேர்ப்பது இன்னும் கடினம்.

*

பொரித்த பிறகுதான் உண்மையான வேலை. கோழி கிளறிக் காட்டி, தானியத்தை எடுத்துப் போட்டுக் கூப்பிடும். வாத்துக்குஞ்சு முதல் நாள் அதைச் சட்டை செய்யாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் அலகை விட்டு அலசிக்கொண்டிருக்கும். ஓரிரு நாளில் ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரிந்துவிடும்.

தண்ணீர் மூக்குத் துவாரம் முங்கும் ஆழத்துக்கு இருக்க வேண்டும், உடம்பு முங்கும் ஆழத்துக்கு அல்ல. பாத்திரத்தைக் கம்பி வலை மேல் வைத்து அடியில் தட்டு வையுங்கள். இல்லையென்றால் மாலைக்குள் படுக்கை சேறாகிவிடும். கோழிக்குஞ்சும் கூட இருந்தால் அந்த ஈரத்தில் ரத்தக் கழிச்சல் வரும். வாத்துத் தாயிடம் வளரும் குஞ்சின் தூவி போல இவற்றின் தூவி ஈரத்தைத் தள்ளாது. ஆகவே முதல் சில வாரம் நீச்சல் ஐந்து நிமிடம், வெயிலில், கண் முன்னால் மட்டும். கரையில் கோழி கத்திக்கொண்டு அங்கும் இங்கும் ஓடும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

தீவனத்தில் கவனிக்க வேண்டியது நியாசின் என்ற பி வைட்டமின். வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் தேவை. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் பல சமயம் அவ்வளவு இருக்காது. குறைந்தால் கணுமூட்டு வீங்கும், கால் வளையும், குஞ்சு உட்கார்ந்தே இருக்கும். கிலோவுக்கு 50 கிராம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்டின் பொடி) கலந்தால் ஈடுகட்டும்.

இன்னொன்று: மூன்று வாரத்தில் வாத்துக்குஞ்சு கோழி வயிற்றுக்கு அடங்காது. தலையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டு முதுகு வெளியே கிடக்கும். ஆனால் முழு இறகு வர ஏழெட்டு வாரம் ஆகும். குளிர் இரவானால் அந்த இடைவெளியில் ஒரு விளக்கு தேவைப்படும்.

*

வான்கோழிக் குஞ்சைக் கோழியிடம் விடுவது பற்றி எச்சரிக்கை. கோழி தாய்மையில் ஒரு குறையும் வைக்காது, நோயைத்தான் கொடுக்கும். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள் பிளாக்ஹெட் என்ற நோயின் கிருமி இருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வான்கோழிக் குஞ்சுக்குக் கந்தக மஞ்சள் கழிச்சல் கண்டு கூட்டமாகச் சாகும். புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும் என்பதால் கோழி மேய்ந்த இடமும் ஆகாது. மயில் குஞ்சுக்கும் இதே ஆபத்து. கூடவே, ரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசின் மருந்து வான்கோழிக்கு விஷம். மூட்டையில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் போடாதீர்கள்.

கினிக்கோழிக் குஞ்சுக்குக் கோழிதான் நல்ல தாய், சாயங்காலம் கூட்டுக்குத் திரும்பப் பழக்கிவிடும். காடைக்குஞ்சு வேண்டாம், ஏழெட்டுக் கிராம் உயிர், ஒரு மிதியில் போய்விடும்.

*

கடைசியாக வாத்துச் சேவல். கோழியோடு வளர்ந்தது நான்கைந்து மாதத்தில் கோழிகளையே மிதித்து இணைசேரப் பார்க்கும். கோழிச் சேவலுக்கு இல்லாத உறுப்பு வாத்துச் சேவலுக்கு உண்டு, கோழிக்கு உள்ளே காயமாகும். அந்த வயதுக்கு முன்பே வாத்துப் பேடுகளோடு தனிக் கூட்டில் பிரித்துவிடுங்கள். ஒரு சேவலுக்கு நான்கைந்து பேடாவது இருக்கட்டும்.