பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை: கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், நியூஜெர்சியில் வசிக்கிறோம். ஐ-130 (எனக்காகக் கணவர் தரும் குடும்ப மனு), ஐ-485 (நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டுக்கு நான் தரும் விண்ணப்பம்) இரண்டையும் ஒன்றாக அனுப்பத் தயாராகி வருகிறோம். என்னைப் பொருளாதார ரீதியாக ஆதரிப்பதாக அவர் உறுதியளிக்கும் ஐ-864 படிவத்துக்கு அவருடைய வருமானம் போதுமானது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. மருத்துவர் தந்த அதன் அறிக்கையான ஐ-693 படிவம் உள்ள உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

தடுமாற்றமெல்லாம் என் பிறப்புச் சான்றிதழில்தான். 1991இல் மன்னார்குடி அருகே ஒரு கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தவள் நான். சான்றிதழில் 'பெண்' என்று இருக்கிறது. பெயருக்கான கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும். அப்பா பெயரிலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மடிப்பு நைந்துபோன அந்தத் தாளை அம்மா இத்தனை ஆண்டுகளாகப் பட்டுச்சேலைக்கு அடியில் காப்பாற்றி வைத்திருந்தார்.

பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்குவதா? அல்லது இருப்பதையே அனுப்பி, என் பிறப்பை நேரில் அறிந்த இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களை இணைப்பதா? பிரசவத்தின்போது உடனிருந்த பெரியம்மாவும் அத்தையும் எழுதித் தரத் தயார். பள்ளி மாற்றுச் சான்றிதழும் கையில் இருக்கிறது. இந்தச் சிக்கலைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

மொழிபெயர்ப்பை ஒரு தோழி செய்து, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று சான்றளித்துக் கையொப்பமிடுகிறார். அப்படி அனுப்பியவர்கள் யாரேனும் உண்டா?

இன்னொன்று. வாடகை ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கி நான்கு மாதம்தான். சேர்ந்து வாழ்வதற்கு வேறு எந்த ஆதாரங்களை இணைத்தீர்கள்?

தாலுகா அலுவலகத்துக்குப் போகலாமா என்று அம்மா தினமும் கேட்கிறார். முழங்கால் வலியோடு இருப்பவரை இரண்டு முறை அலையவைக்க எனக்கு மனமில்லை.