நிறுத்தியிருந்த பழைய காரில் யாரோ இடித்துவிட்டால்: க்ளெய்ம், டிங்கரிங், பெயின்டிங்

வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். தூரத்தில் நின்று நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, அடிபட்ட இடத்துக்கு இரண்டடி தள்ளி ஒன்று, பிறகு ஒட்டி நின்று ஒன்று. பார்க்கிங் கோடு, சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், டயர் பக்கவாட்டில் இழுபட்ட கறுப்புத் தடம் மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. கீறலின் உயரத்தை டேப் வைத்து, டேப்பின் எண் தெரியும்படி எடுங்கள். இடித்த வண்டியின் பம்பர் உயரத்தோடு ஒப்பிட அதுதான் உதவும்.

இடித்தவர் நிற்காமல் போயிருந்தால் தரையைப் பாருங்கள். உடைந்த விளக்குத் துண்டிலும், பம்பர் துண்டின் உட்புறத்திலும் பெரும்பாலும் பாக எண் அச்சாகியிருக்கும். எந்த மாடல் என்று அதை வைத்து உதிரிபாகக் கடைக்காரர் சொல்லிவிடுவார். துண்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். உங்கள் வண்டியில் ஒட்டிக்கொண்ட வேற்றுப் பெயின்டைத் துடைக்கவோ பாலிஷ் போடவோ வேண்டாம், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். பக்கத்துக் கேமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள். பல கேமராக்களில் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். காவல் நிலையப் புகாரையும் நாள் கடத்தாமல் கொடுத்து, புகாரின் எண்ணை வாங்கிவிடுங்கள்.

*

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். புது வண்டியில் யார் தவறு என்பதில்தான் வாக்குவாதம் நடக்கும். பழைய வண்டியில் அது சீக்கிரம் முடிந்துவிடும், வண்டிக்கு என்ன மதிப்பு என்பதில்தான் மாட்டிக்கொள்வோம். ஒரு கதவும் குவார்ட்டர் பேனலும் (பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகடு) போனாலே எஸ்டிமேட் வண்டியின் சந்தை மதிப்பை நெருங்கிவிடலாம். மதிப்பில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது, ‘டோட்டல் லாஸ்’ என்று காப்பீட்டு நிறுவனத்தார் எழுதிவிடுவார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாலிசியில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று ஒரு தொகை அச்சாகியிருக்கிறதா, இழப்பு நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அவர்கள் ஒரு தொகையைச் சொல்வதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். அதே ஆண்டு, அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே கியர் வகை, ஓடிய கிலோமீட்டரும் கிட்டத்தட்ட அதே. இப்படி ஐந்தாறு விற்பனை விளம்பரங்களை நாள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மலிவானதை ஒளிக்காதீர்கள். ஒன்றை மறைத்தது தெரிந்தால் மற்ற ஐந்தையும் நம்பமாட்டார்கள். சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். டயருக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் செலவழித்த தொகை அப்படியே மதிப்பில் ஏறாது. ஆனால் வண்டியின் நிலையைச் ‘சுமார்’ என்று எழுதியிருப்பவரை ‘நன்று’ என்று மாற்ற வைக்க அந்த பில்கள்தான் வேண்டும்.

கொடுத்த தொகை குறைவு என்று தோன்றினால் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேளுங்கள். எந்த வண்டிகளோடு ஒப்பிட்டார்கள், வேரியன்ட்டைச் சரியாகப் போட்டார்களா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மேல் வேரியன்ட் வண்டியை அடிப்படை வேரியன்ட்டாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. வெறும் ‘போதாது’ என்று எழுதிய கடிதத்தைவிட, பிழையான வரியைச் சுட்டிக்காட்டும் ஒரு பத்தி எவ்வளவோ வேலை செய்யும்.

*

இதற்கு முன்னாலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: இடித்தவரின் காப்பீட்டில் கேட்பதா, நம்முடையதில் கேட்பதா. அவர்களுடையதில் கேட்டால் பொதுவாக எக்ஸஸ் (செலவில் நம் பங்காகக் கட்டும் தொகை) கட்ட வேண்டாம், நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) தப்பும், ஆனால் இழுத்தடிப்பு அதிகம். நம்முடையதில் போட்டால் வேலை சீக்கிரம் தொடங்கும், எக்ஸஸை முதலில் நாம் கட்டவேண்டியிருக்கும். பணம் கொடுத்த நம் நிறுவனம் பிறகு அதை எதிர்த்தரப்பிடமிருந்து மீட்கப் பார்க்கும். அப்போது எக்ஸஸையும் சேர்த்து மீட்கும்படி எழுத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் மறந்துபோவார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பவர்களுக்கு முதல் வழி ஒன்றுதான்.

*

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அடி எவ்வளவு என்று தெரியாமல் கணக்குப் போட்டுப் பயனில்லை. பிளாஸ்டிக் பம்பர் அமுங்கிவிட்டுத் திரும்ப உப்பிக்கொள்ளும், வெளியே ஒரு கீறல்தான் தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஃபோம் இரண்டாகப் பிளந்திருக்கலாம், அதன் பின்னாலிருக்கும் இரும்புக் குறுக்குச்சட்டம் வளைந்திருக்கலாம். பம்பரைக் கழற்றாமல் எழுதிய எஸ்டிமேட் பாதி எஸ்டிமேட்தான்.

பின்னாலிருந்து அடி என்றால் டிக்கி மூடிக்கும் குவார்ட்டர் பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இடது பக்கம் 4 மி.மீ., வலது பக்கம் 7 என்றால் உள்ளே சட்டம் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு, அதன் குழியின் அடித்தளத்தில் டார்ச் அடியுங்கள். தகட்டில் மடிப்போ, ஓரத்து சீலன்ட்டில் வெடிப்போ தெரிந்தால் அது பம்பர் மாற்றித் தீருகிற வேலை இல்லை. அந்தத் தகட்டு மூட்டில் பிளவு இருந்தால் சைலன்சர் புகை உள்ளே ஏறும், மழைத் தண்ணீரும் இறங்கும். வேலை முடிந்த பிறகு டிக்கி மேல் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் விட்டு, கம்பளத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள்.

சக்கரத்தில் அடி என்றால் ரிம்மோடு நிற்காதீர்கள். சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் லோயர் ஆர்ம், டை ராட், நக்கிள், ஷாக் அப்சார்பர், பேரிங் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சக்கரக் கோணங்களை அளந்த அலைன்மென்ட் அச்சுத்தாளை வேலைக்கு முன்னும் பின்னும் வாங்குங்கள். டோவை, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, திருப்பிச் சரிசெய்துவிடலாம். பல வண்டிகளில் கேம்பரையும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரையும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) அப்படித் திருப்ப முடியாது. அவை ஒரு பக்கம் மட்டும் எல்லைக்கு வெளியே போயிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். டோவை மட்டும் சரிபண்ணி ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் தேய்ந்து கம்பி தெரியும். அடிபட்ட பேரிங் பெரும்பாலும் முதல் நாள் சத்தம் போடாது. சில வாரம் கழித்து, வேகம் ஏற ஏற ஹம் என்று முனகும். அதனால் பேரிங்கை முதலிலேயே எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியை ‘பி’-யில் நிறுத்தியிருந்து, மோதலில் வண்டி தள்ளப்பட்டிருந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பார்க்கிங் கொக்கி அடி வாங்கியிருக்கக்கூடும். சரிவில் நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டு, வண்டி பிடித்து நிற்கிறதா, கடகடவென்று சத்தம் வருகிறதா என்று மெக்கானிக்கை உட்காரவைத்துச் சோதியுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இக்னிஷன் அணைந்திருந்தால் ஏர்பேக் கணினி பொதுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும், மோதலைப் பதிந்திருக்காது. அதனால் ஸ்கேன் போட்டு ‘பிழைக்குறியீடு எதுவும் இல்லை’ என்று வருவதை வைத்து அடி லேசானது என்று யாரும் எழுத இடம் கொடுக்கக்கூடாது.

*

துருவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பழைய வண்டி என்றால் சர்வேயர் முதலில் தேடுவது அதைத்தான். பழைய துரு, பழைய பள்ளம் எல்லாம் ‘முன்பே இருந்தது’ என்று கழிபடும். அது நியாயம்தான். அதோடு புதுச் சேதத்தையும் சேர்த்துக் கழிக்கும்போதுதான் எதிர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. புதிதாகக் கிழிந்த தகடு வெள்ளியாகப் பளபளக்கும். ஈரம் பட்டால் ஓரிரு நாளில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துருப் படலம் பிடிக்கும். பழைய துரு கறுத்து, செதில் செதிலாக, பெயின்டுக்கு அடியில் கொப்பளித்திருக்கும். இந்த வித்தியாசம் படத்தில் பதிய வேண்டுமென்றால் முதல் நாளே எடுத்தாக வேண்டும்.

மேடுபள்ளத்தில் பூசும் பட்டி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தகட்டை அடித்து இழுத்து முடிந்தவரை நேராக்கிய பிறகு, மேடுபள்ளத்தைச் சமன்செய்ய 2, 3 மி.மீ. பட்டி போதும். பள்ளத்தை அப்படியே பட்டியால் நிரப்பினால் வெயிலில் தகடு ஒரு அளவு விரியும், பட்டி வேறு அளவு விரியும், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும், அதன் வழியே ஈரம் போய் உள்ளேயே துருப்பிடிக்கும். பெயின்டின் தடிமனை அளக்கும் கேஜ் வைத்தால் கம்பெனிப் பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். பட்டி போட்ட இடத்தில் 1000-ஐத் தாண்டலாம், 3 மி.மீ. பட்டி என்றால் 3000. வெல்டிங் வைத்த மூட்டுக்கு உட்புறம் துருத்தடுப்பு மெழுகு அடித்தார்களா என்று கேளுங்கள். அடிக்காவிட்டால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும், அடுத்த மழைக்காலத்தில் துரு உள்ளேயிருந்துதான் கிளம்பும்.

நிறமும் பழைய வண்டியில் சிக்கல்தான். நிறக் குறியீட்டு எண் சரியாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த பக்கத்துப் பேனலோடு புதுப் பெயின்ட் சேராது, மெட்டாலிக் நிறத்தில் இன்னும் மோசம். ஒரு அட்டையில் அடித்து, காய்ந்த பிறகு வெளியே வெளிச்சத்தில் வண்டிமேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பக்கத்துப் பேனலுக்குள் மெல்லக் கரையவிட்டு, அந்தப் பேனல் முழுக்கக் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடிப்பதுதான் முறை. அந்த வேலையை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுத வையுங்கள். எழுதாததற்குப் பணம் வராது. கிளிப், ரப்பர், மோல்டிங்குக்கும் இதேதான், பழைய பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போதே உடையும்.

*

பழைய உதிரிபாகச் சந்தையில் அதே நிறத்துக் கதவு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். சீட் பெல்ட், ஏர்பேக் இரண்டை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம்.

வேலை நடக்கும்போது புதிதாகச் சேதம் வெளிப்பட்டால் வேலையை நிறுத்தி, கூடுதல் எஸ்டிமேட் அனுப்பி, சர்வேயர் மறுபடி பார்த்த பிறகு தொடரச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை அதுவரை ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்திருக்க வேண்டும். டோட்டல் லாஸ் ஆகி, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் உடைந்த வண்டியை விற்றால் கிடைக்கும் கழிவு மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள், பதிவுச் சான்றில் ஏதாவது குறிப்பு ஏறுமா, மறுபடி காப்பீடு கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று தாளில் இருந்தால், வண்டியை ஓட்டிப் பார்த்து, அலைன்மென்ட் தாளைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.