கப்பலை நிறுத்தினால் செம்மறி பிழைக்குமா?

கடலோரன்:
2028 மே 1 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து செம்மறிகளை உயிரோடு கப்பலேற்ற முடியாது. 2024 ஜூலையிலேயே சட்டமாகிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பண்ணையாளர்கள் கொதிக்கிறார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. 2017இல் அங்குள்ள ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன அவாசி எக்ஸ்பிரஸ் என்ற கப்பலில் ஏறத்தாழ 2,400 ஆடுகள் வெக்கையில் செத்தன. கப்பலில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் படமெடுத்திராவிட்டால் அது வெறும் கணக்காகவே போயிருக்கும்.

கிடைக்காரன்:
அந்தப் படத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவன்தான் நானும். ஆனால் அதற்குப் பிறகு, கொடும் வெயில் மாதங்களில் வளைகுடாவுக்குச் செம்மறிக் கப்பல் கிளம்பவே கூடாது என்று விதி வந்துவிட்டதே! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறீர்கள். மழை பொய்த்த ஆண்டில் காயடித்த கிடாய்களுக்கு யார் தீனி போடுவது? உள்ளூர் இறைச்சிக்கூடங்களால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. கப்பல்தான் வடிகால். அதை அடைத்தால் ஆடு பட்டியிலேயே எலும்பும் தோலுமாகும். அது வதையில் சேராதா?

கடலோரன்:
சேரும். அதற்கு மருந்து இறைச்சிக்கூடத்தைப் பெருக்குவது. வளைகுடா நாடுகள் ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சியைக் குளிரூட்டி விமானத்தில் இப்போதே வாங்குகின்றனவே.

மந்தைவெளி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வாங்குகிறவன் வேறு நாட்டுக் கடைக்குப் போவான். அங்கே மட்டும் ஆடு பிழைக்குமா? 2019 நவம்பரில் ருமேனியாவின் மிடியா துறைமுகத்தருகே சவூதிக்குக் கிளம்பிய கப்பல் ஒன்று கவிழ்ந்தது. அதில் 14,000க்கும் மேற்பட்ட செம்மறிகள். கடைசியில் பிழைத்தவை இருநூறைத் தொடவில்லை. இன்னொன்று: இந்தச் சட்டம் செம்மறிக்கு மட்டும்தான். ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வின் துறைமுகத்தில் மாடு கப்பலேறிக்கொண்டுதான் இருக்கும். மாட்டுக்கு வெக்கை தெரியாதா என்ன?

கடலோரன்:
மாட்டு விஷயத்தில் பதில் சொல்ல முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2011இல் இந்தோனேசியாவுக்கு மாடு அனுப்புவதைத் திடீரென நிறுத்தியது அரசு. அது சட்டவிரோதம் என்று 2020இல் நீதிமன்றம் சொன்னது. சூடு கண்ட பூனை. அதனால்தான் இம்முறை ஏறக்குறைய நான்கு ஆண்டு அவகாசமும், மாற்றத்துக்கென்று முதலில் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலரும்.

கிடைக்காரன்:
பணம் ஒருமுறை வரும். லாரிக்காரரும் மயிர் கத்தரிப்பவரும் அடுத்த ஆண்டு எங்கே போவார்கள்? கிடாய் விலைபோகாவிட்டால் பெட்டையை எவரும் வைத்திருக்கமாட்டார்கள். நிலமெல்லாம் கோதுமைக்கு மாறிவிடும்.

கடலோரன்:
மாறட்டும். கோதுமைக்கு மூச்சு முட்டாது.