மறு: டிரை ரன் – ‘ஒத்திகை’யா, ‘வெள்ளோட்டமா’?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘டிரை ரன்’ என்பதற்கு, அதாவது ஒரு கட்டளை எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டுவதற்கு, தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற பேச்சில் சேலத்து நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> டிரை ரன்னுக்கு ‘ஒத்திகை’ போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல். ‘வெள்ளோட்டம்’ என்பதைச் சிலர் மென்பொருளின் பீட்டா பதிப்புக்கு ஏற்கெனவே எழுதுகிறார்கள்.

சேலத்து நண்பர் சொல்வதுபோல ஒத்திகை நல்ல சொல்தான். ஆனால் கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்கின் கையேட்டில் அதை வைத்தால் பொருள் பிசகிவிடும். முன்பு குழுவில் வந்த ‘உலர் ஓட்டம்’ என்ற சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு படிப்பவருக்கு எதையும் உணர்த்தாது; அதை விட்டுவிடலாம்.

ஒத்திகையை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். வேடம் கட்ட வேண்டியதில்லை, மேடையும் தேவையில்லை. வெள்ளோட்டம் அப்படியில்லை. கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்பு ஒரு நாள் இழுத்துப் பார்க்கிறோம். அதே தேர், அதே வடம், அதே தேர்வீதி, உற்சவர் மட்டும் ஏறியிருக்க மாட்டார். ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயிலின் தேரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம்.

டிரை ரன்னும் அப்படித்தான் நடக்கிறது. ஆர்சிங்க் உண்மையான சர்வருக்குள் நுழைகிறது, இரண்டு பக்கத்துக் கோப்புகளின் அளவையும் தேதியையும் ஒப்பிடுகிறது, எதை அனுப்புவது, எதை அழிப்பது என்று முடிவும் செய்கிறது. கடைசியில் எழுதுவது மட்டும் இல்லை. அதனால்தான் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்புக்கான 22ஆம் போர்ட் அடைபட்டிருந்தாலோ, அந்த இணைப்பின் சாவி மாறியிருந்தாலோ டிரை ரன்னிலேயே தெரிந்துவிடும். சர்வரில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில், எதையாவது அச்சிடும் ஒரு ‘எக்கோ’ வரியை யாரோ சேர்த்துவிட்டால், ‘உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா’ என்று ஆர்சிங்க் கேட்டு நின்றுவிடுமே, அந்தக் கோளாறும் அப்போதே வெளிப்படும். தனி இடத்தில் நடத்தும் ஒத்திகையில் இவை எதுவும் தெரியாது.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகக் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கிளிமூக்கு மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் ஆலையில் ராத்திரி, பகல் கிடையாது. எடைச்சீட்டு, ஆய்வக அளவீடு, விவசாயிகளுக்குப் பணம் கொடுத்த கணக்கு எல்லாம் அந்த இரண்டு மூன்று மாதத்தில் குவியும். தினமும் இரவு அவை இன்னொரு கட்டடத்தில் உள்ள காப்புச் சர்வருக்குப் போகின்றன. அங்கே ‘காப்பு’ என்ற கோப்புறைக்குள் கணக்கு, சம்பளம், ஆய்வகம் என்று மூன்று கோப்புறைகள்.

சீசனுக்கு முன்பு கட்டளையைத் திருத்திய தம்பி, ‘கணக்கு’ என்ற மூலப் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிட்டான். சாய்கோடு இல்லாவிட்டால் ஆர்சிங்க் கோப்புறையையே கொண்டுபோய் வைக்கும். இருந்தால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் நேராகக் ‘காப்பு’க்குள் கொட்டும். கூடவே ‘டெலீட்’ தெரிவும் இருந்தால், மூலத்தில் இல்லாததெல்லாம் சேருமிடத்தில் அழியும். டிரை ரன் ஓட்டியதும் திரையில் ‘டெலீட்டிங் சம்பளம்/’, ‘டெலீட்டிங் ஆய்வகம்/’ என்று வரி வரியாக ஓடின. கடைசி வரியின் ஓரத்தில், அடைப்புக்குறிக்குள், ‘டிரை ரன்’. அந்த ஒரு சொல்தான் இது இன்னும் நடக்கவில்லை என்று அவனுக்குச் சொன்னது. இதே சொல்லைத்தான் நாம் தமிழில் வைக்கப் போகிறோம், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மூல வட்டு இணைக்கப்படாமல் வெறும் கோப்புறை மட்டும் நிற்கும் நாட்களிலும் இதே ஆபத்து உண்டு. மூலம் காலி என்று நினைத்து ஆர்சிங்க் காப்பையும் காலி செய்யும். இரவில் தானாக ஓடும் வேலைக்கு யாரும் டிரை ரன் பார்ப்பதில்லை. அங்கே ‘மேக்ஸ்-டெலீட்’ வரம்பு (இத்தனைக்கு மேல் அழிக்காதே என்பது) வைப்பதுதான் பாதுகாப்பு. இதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும்.

‘சோதனை ஓட்டம்’ என்று வைக்கலாமே என்று கேட்டவருக்கு: சோதனை என்றால் தேறிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும். டிரை ரன் எதையும் எழுதாததால், சேருமிடத்தில் வட்டு நிறைந்திருப்பதோ, எழுத அனுமதி இல்லாததோ அதில் தெரியாது. ஆளில்லாத தேர் ஓடிவிட்டது என்பதற்காக அச்சு பாரம் தாங்கும் என்று யாரும் சொல்வதில்லை. அந்த அளவான நம்பிக்கை வெள்ளோட்டம் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பீட்டாவுக்குச் ‘சோதனைப் பதிப்பு’ பரவலாக வழங்குகிறது. அதற்கு வெள்ளோட்டத்தைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. ஆங்கிலத்திலேயே டிரை ரன்னுக்கு ஒரே பெயர் இல்லை. லினக்ஸில் மென்பொருள் நிறுவும் ஏபிடி-கெட்டில் ஒரே தெரிவுக்கு ‘சிமுலேட்’, ‘டிரை ரன்’, ‘நோ-ஆக்ட்’ என்று பல பெயர்கள். விண்டோஸில் கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பியில் வெறும் ‘எல்’. இவை அனைத்துக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்தால், ஒரு கருவியில் பழகியவர் அடுத்ததில் தடுமாற மாட்டார்.

வினையாக்குவதிலும் சிக்கல் இல்லை. ‘வெள்ளோட்டம் விட்டுப் பார்’ என்று ஏற்கெனவே பேசுகிறோம். பொத்தானுக்கு ‘வெள்ளோட்டம் விடு’, பக்கத்துப் பொத்தானுக்கு ‘இயக்கு’. பதிவுக் கோப்பு ‘வெள்ளோட்டப் பதிவு’. ஆர்சிங்க் முடிவு வரியில் ‘(வெள்ளோட்டம்)’. பொத்தானில் இடம் குறைவு என்றால் ‘வெள்ளோட்டம்’ மட்டும் போதும், ‘வெ.ஓ.’ என்று சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் ஒரு முறை கட்டளையை ஓட்டி, வெளியீட்டில் தங்கள் சொல்லை வைத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். ‘செக்சம்’ (கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பற்றிய பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதற்கு ‘சரிபார்ப்புத் தொகை’ பொருந்துமா என்பதில் எனக்கே இன்னும் முடிவில்லை.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து