அண்ணன் பாத்திரம் ஏன் நம்பும்படி அமையவில்லை?

கேள்வி

வணக்கம். மூன்று மாதங்களாக ஒரே சிறுகதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மெய்ப்புத் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன், தங்கைக்குத் தெரிவிக்காமல் பெற்றோரின் வீட்டை விற்றுவிடுகிறார். செய்தி அறிந்து அவள் வந்து நிற்கும் ஒரு மாலைப்பொழுதுதான் கதை. எழுதத் தொடங்குமுன் அண்ணனைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எடுத்தேன். பிறந்த ஆண்டு, படிப்பு, பிடித்த நிறம், உறங்கும் நேரம், சிறு வயதில் பட்ட காயம் வரைக்கும் அதில் இருக்கிறது. அப்படியிருந்தும், படித்த நண்பர்கள் இருவருமே அவர் வீட்டை விற்பார் என்று நம்ப முடியவில்லை என்றும், கடைசியில் அவர் அழுவது மனத்தைத் தொடவில்லை என்றும் சொல்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பது இன்னொரு குறை. நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?

மறுமொழி 1

உங்கள் குறிப்பில் இருப்பவை அவரைப் பற்றிய தகவல்கள். அவருக்கு என்ன வேண்டும், அதைத் தங்கையிடம் சொல்லவிடாமல் எது தடுக்கிறது என்னும் இரண்டும் அதில் இல்லை.

அழுகைக் காட்சியிலிருந்தே தொடங்குங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும் என்கிறது. அழுகைக்கு அது தருபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் இகழும்படி ஆவது, உரியதை இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பகுப்பை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் கண்ணீர் ஒன்றுதான் என்றாலும் காரணம் மாறினால் உடல் செய்வது முழுவதும் மாறிவிடுகிறது. உங்கள் அண்ணன் வீட்டை இழந்ததற்காக அழுகிறார் என்றால், யார் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இராது. தங்கையின் முன் சிறுமைப்பட்டுவிட்டதற்காக அழுகிறார் என்றால், முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டு, கண்ணீர் அடங்கும்வரை நிமிராமல் இருப்பார். இப்போது நீங்கள் எழுதியிருப்பது எந்த அழுகை என்று உங்களுக்கே தெரியவில்லை என நினைக்கிறேன். அதை முடிவுசெய்தால், அவர் ஏன் விற்றார், ஏன் மறைத்தார் என்பவையும் பின்னாலேயே வந்துவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குறிப்பெடுத்தது வீண் என்று எண்ணிவிடாதீர்கள், அதில் ஒரு வரியாவது பின்னால் உதவும்.

ஒரே குரல் என்ற குறைக்கு வருகிறேன். உங்கள் மாந்தர்கள் கேட்ட கேள்விக்கு நேரான, முழுமையான பதில் சொல்கிறவர்களாக இருக்கக்கூடும். "வீட்டை விற்றுவிட்டாயா அண்ணா?" என்று அவள் கேட்க, "ஆமாம், கடன் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது" என்று அவர் சொன்னால், அங்கே பேசுவது கதையை விளக்க விரும்பும் ஆசிரியர்தான். மறைக்க ஏதாவது வைத்திருப்பவர் இப்படித்தான் பேசுவார்:

"வீட்டை விற்றுவிட்டாயா அண்ணா?"

"கூரை ஒழுக ஆரம்பித்து இரண்டு மழை போய்விட்டது."

"நான் அதைக் கேட்கவில்லை."

"நீ கடைசியாக எப்போது வந்தாய்?"

கடன் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் அவர் குற்றவுணர்வை அவள் பக்கம் தள்ளிவிடப் பார்க்கிறார் என்பதும், அவள் விடப்போவதில்லை என்பதும் தெரிகின்றன. உரையாடலில் பெயர்களை மறைத்துவிட்டு உரக்கப் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாத இடங்களை எல்லாம் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

மறுமொழி 3

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய உரைகளில் மாந்தர்களைத் தட்டையானவர்கள், முழுமையானவர்கள் என்று பிரித்தார். முழுமையான மாந்தருக்கு அவர் வைத்த சோதனை, நாம் நம்பும்படியாக நம்மை வியப்பில் ஆழ்த்த முடிகிறதா என்பது. உங்கள் அண்ணன் வியப்பில் ஆழ்த்துகிறார், நம்பத்தான் முடியவில்லை. அந்தச் செயலின் விதை கதையின் முன்பகுதியில் எங்காவது விழுந்திருக்க வேண்டும். துணை மாந்தர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அண்டை வீட்டுக்காரர் தட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் யோசித்தபின், அவருடைய அழுகை இளிவிலிருந்து பிறப்பது என்று முடிவுசெய்தேன். வாழ்நாள் முழுவதும் பிறருடைய பிழைகளைத் திருத்தியவருக்குத் தன் பிழையைத் தங்கை பார்த்துவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. கடனை மறைத்ததும் அதனால்தான். நான்கு பக்கக் குறிப்பில் உண்மையாகவே ஒரு வரி உதவியது: "பிழையைக் கண்டால் அவர் கை சும்மா இராது." தொடக்கத்தில் தங்கை அனுப்பிய கடிதத்தையே அவர் பென்சிலால் திருத்துவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மாலைக் காட்சியில், மேசைமேல் கிடக்கும் விற்பனைப் பத்திரத்தின் வரைவை அவள் எடுத்துப் பார்க்கிறாள். தந்தையின் பெயரில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்து ஓரத்தில் பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். முன்பு அவளுக்கு ஒரு பக்கம் நீளும் பேச்சு கொடுத்திருந்தேன். இப்போது அவள் சொல்வது ஒரே வரி:

"அப்பா பெயரையாவது சரியாக எழுதியிருக்கிறாய்."

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.